அக்காவுக்குக் கேட்காத ரயில்

1

போன கிழமை எங்கள் டிப்போவில் கேக் வெட்டினார்கள். நான் ஓட்டும் கிளைப்பாதையில் டீசல் ரயில்களை அகற்றிவிட்டு மின்கலத்தில் ஓடும் ரயில்களை விட்டு ஒரு வருடம் நிறைந்துவிட்டது. கேக்கின் மேல் பச்சை ஐசிங்கில் ஒரு இலை. மேலதிகாரி எழுந்து, எவ்வளவு டீசல் மிச்சம், எவ்வளவு புகை காற்றில் கலக்காமல் போயிற்று என்றெல்லாம் சொன்னார். பிறகு, குறைந்த மின்சாரத்தில் ஓட்டிய சாரதிகளின் பெயர்களை வாசித்தார். என் பெயரும் இருந்தது. வழக்கம்போல அதில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். என் கையில் ஒரு துண்டு கேக்கைத் தந்தார்கள். அதை வாயில் வைக்க முடியவில்லை. தட்டை யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

ஏன் முடியவில்லை என்பதை அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் கொழும்பில் வெள்ளவத்தைக் கரையோரம் போகும் ரயிலை அறிந்தவர்கள்.

நான் இருப்பது வட ஜேர்மனியில் ஒரு சிறிய ஊர். ரயில் ஓட்டுகிறேன் என்றால் கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இன்றைக்கும் ஒரு பகிடிதான். அகதியாக வந்தவன் ஒன்றில் உணவகத்தில் கோப்பை கழுவ வேண்டும், அல்லது பெரிய டொக்டராக வேண்டும். இடையில் இப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே அவர்களுடைய கணக்கில் வராது. வந்த புதிதில் நானும் கோப்பை கழுவினேன். பிறகு மொழி படித்து, பரீட்சை எழுதி, சாரதி ஆசனத்தில் ஏறினேன். நெடுங்காலம் டீசல் ரயில்தான். சீருடையைக் கழற்றினால் உடம்பிலும் அந்த வாசம் இருக்கும். சுமதி, என் மனைவி, என் உடுப்பைத் தனியாகத்தான் துவைப்பாள்.

புதிய ரயிலில் அது எதுவும் இல்லை. முன்னால் ஒரு திரை இருக்கிறது. அடுத்த நிலையம் எவ்வளவு தூரம், பாதை ஏற்றமா இறக்கமா என்று பார்த்து, "இப்போது விசையை எடு" என்று அது சொல்லும். கைபிடியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டால் மோட்டார் ஓய்ந்துவிடும். ரயில் தன்னுடைய வேகத்திலேயே உருண்டு போகும். நிலையம் நெருங்கியதும் பிரேக் பிடித்தால், அந்த வேகமும் வீணாகாமல் மின்சாரமாகி மின்கலத்துக்குத் திரும்பும். யார் அதிக தூரம் உருட்டுகிறார்களோ அவர்களே நல்ல சாரதிகள். எனக்கு அது நன்றாகக் கைவந்தது. வயல்களுக்கு நடுவே சத்தமே இல்லாமல் போகும்போது மான்கள்கூடத் தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான்.

2

தேவகி அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையின் கடைசி மாடிக் கட்டடத்தில் தனியாக இருக்கிறார். யன்னலைத் திறந்தால் மரைன் டிரைவ் வீதி, அதற்கு அப்பால் இரண்டு தண்டவாளப் பாதைகள், அதற்கு அப்பால் கடல். இதில் எதையும் அக்கா இப்போது பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த காலத்தில் அவருக்கு ஓரளவு பார்வை இருந்தது. நரம்புக் கோளாறு. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இருபது வயதுக்குள் முழுவதும் போய்விட்டது.

பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைப்பவர்களை அக்கா நல்லாக் கிழிப்பார். வேலை தேடியும் அரசாங்க அலுவலகங்களில் கடிதம் எடுக்கவும் வடக்கிலிருந்து கொழும்புக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சிங்களம் பேசப் பழக்குவது அவருடைய தொழில். வெள்ளவத்தையில் ஒரு வகுப்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்பு. புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவார், பஸ்ஸில் ஏற்றுவார், கந்தோர்களில் வரிசையில் நிறுத்துவார். பயப்பட்டு நிற்கிற பெடியனை முதுகில் தட்டி, "கேளடா, அவர் ஒண்டும் உன்னைத் தின்னமாட்டார்" என்பார். அவர் இந்தச் சிங்களத்தைக் கற்றதே ரயில் பெட்டிகளில்தான்.

காலையில் வெள்ளவத்தை நிலையத்தில் ஏறிக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கொட்டாஞ்சேனை. ஒருவருடைய கையையும் பிடிப்பதில்லை. வெள்ளைப் பிரம்பு ஒன்று, அவ்வளவுதான். வகுப்பு இல்லாத நாட்களில் பாதையைக் கடந்து கடல் பக்கம் போய்க் கல்லில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கரையில் எல்லோரும் செய்வதுதான். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம் என்று எழுதிய பலகையின் கீழேயே நடப்பார்கள். குறுக்கே போகும்போது கண்ணால் பார்ப்பவர்களைவிடக் காதால் கேட்பவர்கள்தான் அதிகம்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்டவாளத்தின் அருகே போனதும் பிரம்பின் நுனியைத் தண்டவாளத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். ரயில் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வரும்போதே பிரம்பு சொல்லிவிடும். பிறகு எஞ்சின் உறுமுவது கேட்கும், தண்டவாளப் பொருத்துகளில் சில்லு இடிப்பது கேட்கும், ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் ஹோர்ன் அடிப்பது கேட்கும். கடல் இரைவதை முதுகில் வைத்துக்கொண்டு நின்றால் எதிரே வீடு. வீட்டை முதுகில் வைத்தால் எதிரே கடல். ரயில் வந்தால் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று அவர் யோசித்ததே இல்லை. கல்கிசையிலிருந்து வருகிற வண்டியா, காலியிலிருந்து வருகிற பெரிய எஞ்சினா என்றுகூடச் சொல்லிவிடுவார். சிறு வயதில் நான் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறேன்.

ஆனால் அந்த ரயில்தான் அவருடைய நெஞ்சையும் அரித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. பல்கனியில் காயப்போடும் வெள்ளை உடுப்பில் கரி படியும். அதே கரிதான் உள்ளேயும் போகிறது என்று டொக்டர் சொன்னார். பாதையோரத்தை விட்டு எங்கேயாவது உள்ளே போய் இருங்கள், இல்லாவிட்டால் வருடத்துக்கு வருடம் மோசமாகும் என்றார். அக்கா மூச்சுக்கு இழுக்கும் பம்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலில் வகுப்புக்குப் போனார்.

3

அக்காவை இங்கே கூப்பிட்டு நிரந்தரமாக வைத்திருப்பது என்று முடிவெடுத்தவன் நான்தான். அவரிடம் அதைச் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். நல்ல காற்றை ஒரு மாதம் சுவாசித்தால் அவரே போக மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்பது என் கணக்கு.

விசா எடுப்பதே ஒரு பெரும்பாடாகப் போயிற்று. நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார்களாம். வீடு, கணவன், பிள்ளை, காணி ஒன்றும் இல்லை. கண்ணும் இல்லை. அவர்களுடைய பார்வையில் இப்படி ஒருவர் எதற்காகத் திரும்பிப் போக வேண்டும்? கொட்டாஞ்சேனையில் என்னுடைய பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். பிள்ளை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே என்று அதற்கும் ஒரு விளக்கம் கேட்டார்கள். மூன்றாவது தடவைதான் விசா கிடைத்தது.

என் மகள் ஆரணிக்கு வயது பதினாறு. பூமி சூடாவதை எதிர்த்துப் பதாகை பிடித்து ஊர்வலம் போகிற பிள்ளை. எங்கள் பாதைக்கு மின்கல ரயில் வர வேண்டும் என்று கையெழுத்துச் சேர்த்தவர்களில் அவளும் ஒருத்தி. நான் அந்த ரயிலை ஓட்டத் தொடங்கிய நாளில்தான் தன் தோழிகளிடம் முதல்முறையாக, இது என் அப்பா என்று காட்டினாள். அதுவரை நான் அவளுக்கு, பிழையான ஜேர்மனில் ஆசிரியர்களுடன் கதைத்து வெட்கப்படுத்துகிற ஒருவன். தமிழ் அவளுக்கு விளங்கும். பதில் ஜேர்மனில்தான் வரும். அக்கா வருகிற விமானத்தின் புகையை ஈடுசெய்ய எங்கள் ரயில் எவ்வளவு காலம் ஓட வேண்டும் தெரியுமா என்று விமான நிலையத்துக்குப் போகிற வழியில் என்னைக் கேட்டாள். மாமிக்கு முன்னால் அதைக் கேட்காதே என்றேன்.

ஆச்சரியம் என்னவென்றால், மாமியும் மருமகளும் இரண்டு நாளில் ஒட்டிக்கொண்டார்கள். அக்கா தமிழில் கேட்பார், அவள் ஜேர்மனில் சொல்வாள், அக்கா அந்தச் சொல்லைப் பிடித்துத் திரும்பச் சொல்வார். எந்த மொழியையும் கடைத்தெருவில் வைத்துப் படிப்பவர் அல்லவா? ஒரு கிழமையில் பேக்கரிக்காரியிடம் காலை வணக்கம் சொல்லிப் பாண் வாங்கினார். அவருடைய இருமலும் குறைந்தது. இரவில் பம்ப் தேவைப்படவில்லை. சுமதி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். கணக்குச் சரியாகத்தான் போகிறது என்று நான் நினைத்தேன்.

4

எங்கள் வீட்டிலிருந்து பேக்கரிக்குப் போகும் வழியில் தண்டவாளத்தைக் கடக்கும் ஒரு நடைபாதை உண்டு. கேற் இல்லை, மணி இல்லை, விளக்கு இல்லை. ஹோர்ன் அடிக்கச் சொல்லும் பலகையும் இல்லை. இரண்டு பக்கமும் போதிய தூரம் தெரிகிறது, கடப்பவர்களே பார்த்துக் கடக்கலாம் என்பதுதான் காரணம்.

அன்று எனக்குக் காலை வேலை. தம்பி ஓட்டிக்கொண்டு போவதை ஒரு தரம் கேட்க வேண்டும் என்று அக்கா ஆரணியிடம் சொல்லியிருக்கிறார். இருவரும் அந்தக் கடவைக்கு வந்தார்கள். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நீ போய்ப் பாணை வாங்கிக்கொண்டு வா, நான் இதிலேயே நிற்கிறேன் என்று அக்கா சொன்னார். பாதைக்கு வெளியே, வேலியோரமாக அவரை நிறுத்திவிட்டு ஆரணி போனாள்.

அவள் போனதும் அக்கா வெள்ளவத்தையில் செய்வதைச் செய்தார். பிரம்பால் தடவி முன்னால் வந்து, தண்டவாளத்தைக் கண்டுபிடித்து, நுனியை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். பிரம்பு அதிரும், அதிர்ந்ததும் பின்வாங்கலாம் என்று காத்திருந்தார்.

இங்கே தண்டவாளத்தில் பொருத்துகள் இல்லை, எல்லாம் ஒட்டிய நீள இரும்பு. ரயிலோ பாரம் குறைந்தது. அந்த இடத்தில் நான் விசையை எடுத்து நெடுநேரம் ஆகியிருந்தது. திரையில் பச்சை. வளைவு திரும்பியதும், தூரத்தில், தண்டவாளத்தோடு ஒட்டி ஒரு சேலை தெரிந்தது.

அந்த ஊரில் சேலை உடுத்துகிறவர் வேறு யாரும் இல்லை.

ஹோர்ன் அடித்தேன். அவசரப் பிரேக்கை இழுத்தேன். அக்கா தலையைத் திருப்பினார். ஆனால் நகரவில்லை. ஹோர்ன் கேட்டுவிட்டது, விலக வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. ஹோர்ன் கேட்டதும் பிரம்பு தண்டவாளத்தை விட்டு எழும்பிவிட்டது; காத்திருந்த நேரத்தில் அங்குமிங்கும் திரும்பியும் இருக்கிறார். முதுகுப் பக்கமா வீடு, முன்பக்கமா? சொல்வதற்கு அங்கே கடல் இல்லை. பிழையான பக்கம் ஒரு அடி வைத்தால் நடுத் தண்டவாளம். அதனால் அப்படியே நின்றார். பிரம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த நான், தமிழில் என்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. பயணிகளுக்கும் விளங்கியிருக்காது.

ரயில் நின்றது. அவருக்கு முன்னால் நின்றது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் என்பதை நான் இன்றைக்கும் முழுவதாக நினைத்துப் பார்த்ததில்லை.

விதிப்படி வண்டியை நிறுத்தி வைத்து, கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்து, அதன் பிறகுதான் இறங்கலாம். அதையெல்லாம் என் கைகள் தாமாகச் செய்தன. இறங்கி ஓடினேன். அக்கா கையை நீட்டி ரயிலின் முகப்பைத் தொட்டுக்கொண்டிருந்தார். தொட்டும் நம்பாதவர் மாதிரி மறுபடி தடவினார்.

"தம்பி, நீயோ?"

"ஓம் அக்கா."

"நீ வந்தது எனக்குக் கேக்கேல்லையடா."

குரலில் கோபம் இல்லை, பயம்கூட இல்லை. தன்னுடைய காது தன்னைக் கைவிட்டுவிட்டது என்ற திகைப்புதான் இருந்தது. நான் அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாண் பையோடு ஓடி வந்த ஆரணி கொஞ்சத் தூரத்திலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தை நான் பிறகுதான் பார்த்தேன்.

5

எனக்கு இரண்டு கிழமை ஓய்வு தந்தார்கள். இப்படிப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு யாரையும் உடனே ஓட்ட விடமாட்டார்கள். விசாரணை நடந்தது. சாரதியின் பிழை இல்லை, வண்டியின் பிழை இல்லை, கடவையின் பிழை இல்லை என்று முடிந்தது. எஞ்சியது அக்காதான். அவருடைய பிழை என்று எழுதாமல் மரியாதையாக வேறு விதமாக எழுதியிருந்தார்கள்.

வீட்டிலும் ஒரு சட்டம் வந்தது. அக்கா தனியாக வெளியே போகக்கூடாது. சுமதி வேலையால் வந்தால் சுமதி, நான் இருந்தால் நான். மதிலோரம் நடக்கக்கூட யாராவது கையைப் பிடித்துக்கொள்வோம். எங்கள் வீதியில் ஓடும் கார்களும் பெரும்பாலும் மின்சாரக் கார்கள். அவையும் சொல்லாமல்தான் வரும். அக்கா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. காலையில் குளித்து, சேலை உடுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார், எங்கேயோ புறப்பட்டவர் மாதிரி. பேக்கரிக்காரிக்கு வணக்கம் சொல்லவும் ஆள் இல்லை. இருமல் சுத்தமாக நின்றுபோயிருந்தது. நான் அதை ஒரு வெற்றியாக எண்ணிக்கொண்டேன்.

ஒரு மாலை, இங்கேயே தங்கிவிடுங்கள் அக்கா என்று கேட்டேவிட்டேன். மூச்சைப் பற்றிச் சொன்னேன், டொக்டர் சொன்னதைச் சொன்னேன், வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாரித்து வைத்திருந்ததையும் சொன்னேன். உங்களுக்குக் கண் தெரியாததால் மனிதாபிமான அடிப்படையில் ஒரு வழி இருக்கிறது என்றேன்.

அக்கா மடியிலிருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அங்க நான் கண் தெரியாதவள் இல்லையடா," என்றார். "இங்க வந்துதான் கண் தெரியாதவளானனான்."

எனக்கு அடி விழுந்ததுபோல இருந்தது. வெள்ளவத்தையில் ஒவ்வொரு காலையும் படியிறங்கிப் போகிறவர், தான் நினைத்த இடத்துக்குத் தன் காலால் போகிறவர். இங்கே நான் அவருக்குத் தந்தது நல்ல காற்றும் ஒரு சோஃபாவும். அந்தக் காற்றை இழுத்துக்கொண்டு அவர் என்ன செய்வது?

மூலையில் இருந்து ஆரணி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவளாகவே, தமிழில், "மாமிய விடுங்கோ அப்பா," என்றாள்.

6

விசா முடிய முன்னரே அக்காவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். விமானத்தின் புகையைப் பற்றி இந்தத் தடவை ஆரணி ஒன்றும் கேட்கவில்லை. விமான நிலையத்தில் மாமியின் கையை விடாமல் நின்றாள்.

வெள்ளவத்தையில் இறங்கி, காலி வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பியதும் அக்கா என் கையை உதறினார். பெட்டியை இழுத்துக்கொண்டு நான்தான் பின்னால் போனேன். மாடியில் யன்னலைத் திறந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டி போயிற்று. யன்னல் கண்ணாடி கடகடத்தது. நானும் டீசலோடு காலம் கழித்தவன்தான், ஆனால் சில மாத இடைவெளியில் என் மூக்கு மாறிவிட்டது. தொண்டை கமறியது. அக்கா உட்கார்ந்த இடத்தில் இருமத் தொடங்கினார். இருமிக்கொண்டே, எந்த வண்டி என்றும் சொன்னார்.

கரையோரப் பாதைக்கு மின்ரயில் வரப்போகிறது என்பது நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கேட்கிற கதை. இப்போதும் யாராவது அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர், வங்கியில் வேலை செய்தவர், என்னைக் கண்டதும் அதைத்தான் கேட்டார். மின்சார வண்டி வந்தால் நல்லதுதானே, உங்களுக்குத் தெரியுமே என்றார். நான் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடியவன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று புறப்படுகிற வண்டியில் பிரேக்கிலேயே எவ்வளவு சக்தி வீணாகிறது, நிலையத்தில் சும்மா நிற்கும்போதும் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது, அந்தப் புகை நேராக யாருடைய யன்னலுக்குப் போகிறது என்று சொல்லியிருக்கலாம். வந்தால் நல்லதுதான் என்று மட்டும் சொன்னேன். மனம் முழுவதும் அந்தச் சேலை நின்றது.

அடுத்த நாள் அக்கா கடல் பக்கம் போகப் புறப்பட்டார். கூட வரலாமா என்று கேட்டேன். வா, ஆனால் பிடிக்காதே என்றார். தண்டவாளத்தருகே போய்ப் பிரம்பை வைத்தார். பிடிக்கப் போன கையை நான் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். பிறகு, எனக்கு ஒன்றும் கேட்கும் முன்னரே, சாவகாசமாக இரண்டு அடி பின்னால் வந்தார். தெகிவளைப் பக்கமிருந்து வண்டி உறுமிக்கொண்டு வந்தது, ஹோர்ன் அடித்தது, எங்களை ஒரு கரும்புகைக்குள் விட்டுவிட்டுப் போனது. அக்கா குனிந்து இருமினார். பம்பை எடுத்து இழுத்தார். நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பாதையைக் கடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

கல்லில் உட்கார்ந்த பிறகு கேட்டேன். இந்தப் புகை உங்களைக் கொல்லுகிறது அக்கா, இது நிற்க வேண்டாமா?

"நிக்கட்டும். நான் வேண்டாமெண்டு சொன்னனானோ? என்ர பிள்ளையளுக்கும் நெஞ்சு இருக்குத்தானே." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "வாறதைச் சொல்லிப்போட்டு வரச்சொல்லு. அது காணும்."

7

திரும்பி வந்து வேலைக்கு ஏறிய முதல் நாளே அந்தக் கடவையில் ஹோர்ன் அடித்தேன். அடுத்த நாளும் அடித்தேன். விசையை வழக்கம்போல எடுத்துவிடுவேன், உருட்டுவேன், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பேன். அதில் எனக்கு மாற்றுக் கருத்து வந்துவிடவில்லை. ஆனால் வளைவு திரும்பியதும் ஹோர்னை அழுத்துவேன். சில நாட்களில் அருகில் வசிக்கும் ஒருவர் முறைப்பாடு கொடுத்தார். புதிய ரயில் வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறோம், அதையும் ஒரு சாரதி கெடுக்கிறான் என்று.

மேலதிகாரி கூப்பிட்டார். நல்ல மனுஷி. பலகை இல்லாத இடத்தில் தேவையில்லாமல் ஹோர்ன் அடிக்கக்கூடாது, உங்களுக்குத் தெரியும் என்றார். அப்படியானால் பலகை வையுங்கள் என்றேன். அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தேன். மூன்று பேர் வந்து கடவையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்கள். பார்வைத் தூரம் போதுமானது என்று பதில் வந்தது. கண் தெரியாத ஒருவருக்கு எந்தத் தூரம் போதும் என்று கேட்டேன். கண் தெரியாத ஒருவர் அங்கே தனியாக வரக்கூடாது என்று விதியில் இல்லை, வருவார் என்றும் இல்லை என்றார் மேலதிகாரி. சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டு மேசையைப் பார்த்தார்.

இரண்டாவது விண்ணப்பத்தை ஆரணி எழுதினாள். என் ஜேர்மன் போதாது என்று அவளாகவே வாங்கிக்கொண்டாள். இந்த ரயிலுக்காகக் கையெழுத்துச் சேர்த்தவள் நான் என்று தொடங்கியிருந்தாள். நடுவில் நிறுத்தி, மாமி கடற்கரையில கடைசியாக என்ன சொன்னவா, அப்படியே சொல்லுங்கோ என்று கேட்டாள். சொன்னேன். அதை ஜேர்மனில் மாற்ற அவளுக்கு நெடுநேரம் பிடித்தது. பதில் இன்னும் வரவில்லை. அதுவரை நான் ஹோர்ன் அடிக்கக்கூடாது. அடிக்காமல்தான் போகிறேன். வளைவு திரும்பும் ஒவ்வொரு தடவையும் என் கை பிரேக்கில் இருக்கிறது. அப்படியிருந்தும் கேக் வெட்டிய அன்று என் பெயரை வாசித்தார்கள்.

உங்களில் யாராவது ஒரு நாள் கரையோரப் பாதைக்கு மின்கம்பி இழுப்பது பற்றிப் பேசும் மேசையில் உட்கார நேரலாம். புகையை நிறுத்துங்கள். சீக்கிரம் நிறுத்துங்கள், என் அக்காவுக்கு அவ்வளவு காலம் இல்லை. நிறுத்துகிற அன்றே, ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் அவருக்கு ஒரு சத்தத்தையும் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கேட்பது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

நேற்று அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கொட்டாஞ்சேனை வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை முதல்தரமாகத் தனியாகக் கந்தோருக்குப் போய் அலுவல் முடித்து வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருந்தார். இடையில் நான், இப்போது மூச்சு எப்படி அக்கா என்று கேட்டேன். கேட்கும்போதே அவருக்குப் பின்னால் வண்டி வரத் தொடங்கிவிட்டது. கொஞ்சம் பொறு என்றார். பொறுத்தேன். எஞ்சின், ஹோர்ன், சில்லுகள், யன்னல் கண்ணாடி எல்லாம் தொலைபேசிக்குள்ளால் வந்து போயின. அதற்குப் பிறகு இருமல் தொடங்கியது. பம்ப் இழுக்கும் சத்தம் கேட்டது. மறுபடி இருமல். வரவர நீண்டுகொண்டே போகிறது. நான் தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் குரல் வந்தது.

"இப்ப சொல்லு தம்பி. என்னவோ கேட்டனீ, ரயில் சத்தத்துக்குள்ள எனக்குக் கேக்கேல்லை."

"ஒண்டுமில்லை அக்கா," என்றேன்.